எந்த ஜவ்வு கிழிந்தது? முழங்கால், கை காயங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

முழங்காலிலோ கையிலோ அடிபட்டவர்கள் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களை வரிசையாகப் படித்தபோது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. முழங்காலில் அடிபட்டவர் "நாளைக்கே ஆபரேஷன் செய்துவிடலாமா" என்று பதறுகிறார். கையில் அடிபட்டவரோ "சின்ன அடிதானே" என்று இருந்துவிட்டு, மூன்றாவது மாதம் விரல் மடங்கவில்லை என்று எழுதுகிறார். பெரும்பாலான நேரம் இது நேர்மாறாக இருக்க வேண்டும். முழங்கால் பல சமயம் நமக்கு அவகாசம் தரும், கை தராது. இந்த மாதப் பதில்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இதைச் சுற்றித்தான் வருகின்றன.

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 23. மூன்று வாரத்துக்கு முன் கால்பந்து ஆடும்போது ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பினேன். யாரும் மோதவில்லை. முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். இரண்டு மணி நேரத்தில் முட்டி வீங்கிவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஏ.சி.எல். முழுதாகக் கிழிந்திருக்கிறது என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் முதலில் பிசியோதெரபி என்கிறார். வீட்டிலோ "ஜவ்வு கிழிஞ்சா தாமதிக்கக் கூடாது" என்று பயமுறுத்துகிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் அந்த 'ஜவ்வு' என்ற சொல்லைப் பிரித்துக்கொள்வோம், பாதிக் குழப்பம் அதில்தான் இருக்கிறது. எலும்பையும் எலும்பையும் கட்டிப்பிடிக்கும் லிகமெண்ட் கிழிந்தாலும் ஜவ்வு என்கிறோம், இரண்டு எலும்புக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்தாலும் ஜவ்வு என்கிறோம், எலும்பு முனையில் இருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு தேய்ந்தாலும் ஜவ்வு, முதுகில் டிஸ்க் பிதுங்கினாலும் அதே ஜவ்வு. நான்கும் வேறு வேறு பொருள், நான்குக்கும் வைத்தியம் வேறு. அதனால் "என் மாமாவுக்கும் ஜவ்வு கிழிந்தது, அவர் இப்படிச் செய்தார்" என்று யாராவது ஆரம்பித்தால், எந்த ஜவ்வு என்று முதலில் கேளுங்கள்.

உங்களுக்குக் கிழிந்திருக்கும் ஏ.சி.எல்., முழங்காலின் நடுவில் குறுக்காகப் போகும் லிகமெண்ட். கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்கிவிடாமலும், திரும்பும்போது முட்டி முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்துக்கொள்வது அதன் வேலை. நீங்கள் சொன்ன மூன்று அடையாளங்களும், அதாவது யாரும் மோதாமல் திரும்பும்போது நடந்தது, சத்தம் கேட்டது, ஓரிரண்டு மணி நேரத்திலேயே வீங்கியது, ஏ.சி.எல். கிழிவுக்கு அச்சு அசலாகப் பொருந்துகின்றன. அவ்வளவு சீக்கிரம் வீங்கினால் உள்ளே ரத்தம் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் மெதுவாக வீங்கினால் பெரும்பாலும் அது மூட்டு சுரக்கும் நீர்.

இப்போது உங்கள் கேள்வி. மூன்று வாரத்தில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை, எனக்கு அதுதான் முக்கியம். படுக்கையில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து பாருங்கள். அடிபட்ட முழங்காலின் பின்பக்கம் படுக்கையைத் தொடுகிறதா, இல்லை ஒரு கை நுழையும் அளவு இடைவெளி இருக்கிறதா? முழங்கால் சில்லுக்கு இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய பள்ளம் தெரிகிறதா, வீக்கத்தில் மூடியிருக்கிறதா? தொடையை இறுக்கினால் சில்லு மேலே ஏறுகிறதா? வீங்கிய, நீட்ட முடியாத, தொடைத்தசை சோர்ந்துபோன முழங்காலில் போய் ஆபரேஷன் செய்தால், உள்ளே தழும்பு கட்டி மூட்டு இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம். லிகமெண்ட் புதிதாக இருக்கும், கால் நீளாது. அதனால் வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீண்டு, தொடைத்தசை விழித்துக்கொள்ளும்வரை பொறுப்பது தாமதம் இல்லை, அது சிகிச்சையின் முதல் பாதி. ஆபரேஷனே செய்துகொள்வதாக இருந்தாலும் இந்த வேலையை எப்படியும் செய்துதான் ஆக வேண்டும்.

ஆபரேஷனே வேண்டாமா என்றால், அது நீங்கள் காலை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்வீடனில் 18 முதல் 35 வயதுக்குள் இருந்த 121 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன், மறு பாதிக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன் என்று வைத்துப் பார்த்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. இரண்டு வருடத்தில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தார்கள். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் 'முதலில் பயிற்சி' தரப்பில் சுமார் பாதிப் பேருக்கு ஆபரேஷன் தேவைப்படவே இல்லை. ஆனால் அதையே திருப்பிப் பார்த்தால், மறு பாதிக்குத் தேவைப்பட்டிருக்கிறது. நேராக நடப்பது, சைக்கிள், நீச்சல், மாடிப்படி இவற்றோடு வாழ்க்கை ஓடும் என்றால் பயிற்சி பலருக்குப் போதும். ஓடித் திரும்பி நிற்கும் விளையாட்டுக்குத் திரும்ப வேண்டும், அல்லது சாதாரணமாக நடக்கும்போதே முட்டி நழுவுகிறது என்றால் ஆபரேஷன்தான் நல்லது. முட்டி நழுவ நழுவச் சும்மா இருந்துவிடாதீர்கள், ஒவ்வொரு தடவை நழுவும்போதும் மெனிஸ்கஸ் அடிவாங்குகிறது, போன மெனிஸ்கஸைத் திருப்பிக் கொண்டுவருவது கஷ்டம்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. கிழிந்த மெனிஸ்கஸ் துண்டு நடுவில் மாட்டிக்கொண்டு கால் பூட்டிக்கொண்டது, அதாவது வலியால் அல்ல, ஏதோ அடைத்த மாதிரி நீட்டவே முடியவில்லை என்றால் அது வேறு கணக்கு, சீக்கிரம் சரிசெய்ய வேண்டும். பல லிகமெண்ட் ஒன்றாகக் கிழிந்து முழங்காலே விலகியிருந்தால் அது அவசரம். பின்னால் ஓடும் ரத்தக்குழாய் அடிபட்டிருக்கலாம்.

ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிழிந்ததைத் தைப்பது இதில் வழக்கம் இல்லை, தொடையின் பின்பக்கத் தசைநாணையோ (நாண் என்பது தசையை எலும்போடு கட்டும் கயிறு) சில்லுக்குக் கீழே இருக்கும் நாணையோ எடுத்துப் புதிய லிகமெண்டாகப் பொருத்துகிறோம். அந்த நாணுக்கு ரத்த ஓட்டம் பிடித்து அது லிகமெண்டாக மாறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். நடுவில், இரண்டு மூன்று மாத வாக்கில், அது வைத்த நாளைவிடப் பலவீனமாக இருக்கும். கொடுமை என்னவென்றால் சரியாக அந்த நேரத்தில்தான் வலி போய், வீக்கம் போய், "எனக்குச் சரியாகிவிட்டது, ஆடலாம்" என்று தோன்றும். நார்வேயில் நடந்த ஒரு ஆய்வில், ஒன்பது மாதம் வரை விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் அபாயம் பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதம் என்பது பயமுறுத்த நாங்கள் சொல்லும் எண் இல்லை. அப்புறம் நாள்காட்டி மட்டும் போதாது, அடிபட்ட காலின் தொடை வலு நல்ல காலின் வலுவில் 90 சதவீதமாவது இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு மைதானத்துக்குப் போங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது. அடி எதுவும் படவில்லை. ஆறு மாதமாக முழங்காலின் உள்பக்கம் வலி. ஸ்கேனில் மெனிஸ்கஸ் கிழிவு என்று எழுதியிருக்கிறார்கள். சின்னத் துளை போட்டு அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்துகொள்ளலாமா, டாக்டர்?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. உங்கள் வயதில் வரும் மெனிஸ்கஸ் கிழிவு, மேலே எழுதிய தம்பிக்கு வரும் கிழிவு மாதிரி இல்லை. பழைய துணி மடிப்பில் நைந்துபோகிற மாதிரி அது மெல்ல மெல்ல நைவது. 50 வயதுக்கு மேற்பட்ட சாதாரண மக்களை வரிசையாக எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2008-ல் வெளியானது. அதில் மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்காலில் வலியோ இறுக்கமோ எதுவுமே இருந்திருக்கவில்லை. ஆக, ஸ்கேனில் கிழிவு தெரிகிறது என்பதாலேயே உங்கள் வலி அதனால்தான் என்று ஆகிவிடாது.

இன்னொன்று. 2013-ல் ஃபின்லாந்தில் 35 முதல் 65 வயதுக்குள் இருந்த 146 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு நிஜமாகவே துண்டை வெட்டி எடுத்தார்கள், மீதிப் பேருக்குத் துளை மட்டும் போட்டு, வெட்டாமல், வெட்டுகிற மாதிரி எல்லாம் செய்து அனுப்பினார்கள். யாருக்கு எது நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்து இரண்டு கூட்டத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை, இருவருமே தேறியிருந்தார்கள். இந்த ஆபரேஷனை நம்பிச் செய்துவந்த எங்களைப் போன்றவர்களுக்கு அது ஜீரணிக்கக் கஷ்டமான முடிவுதான், ஆனால் உண்மை அதுதான்.

மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்யுங்கள். நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, காலை நீட்டித் தூக்கி ஐந்து விநாடி பிடிப்பது, தினமும் நடை அல்லது சைக்கிள். முதல் இரண்டு வாரம் லேசாக வலி கூடலாம், மறுநாள் காலையில் அது அடங்கிவிட்டால் நீங்கள் சரியான அளவில் செய்கிறீர்கள். எடை கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு கிலோ குறையும்போதும் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போது முழங்காலுக்கு ஏறும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. முழங்கால் அடைத்துப் பூட்டிக்கொள்கிறது என்றால் மட்டும் ஆபரேஷன் பற்றி மறுபடி பேசலாம்.

கேள்வி: ஏழு வாரத்துக்கு முன் சைக்கிளிலிருந்து விழும்போது கையை ஊன்றிவிட்டேன். அன்றே எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் ஒன்றுமில்லை, சுளுக்குதான் என்று பட்டை போட்டு அனுப்பினார்கள். இப்போது வீக்கம் இல்லை. ஆனால் கனமான கதவைத் தள்ளும்போதும், தரையில் கையை ஊன்றி எழும்போதும் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் சுருக்கென்று வலிக்கிறது. வயது 28. இன்னும் எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

பதில்: ஒரு நாள்கூட வேண்டாம். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காரியம் செய்யுங்கள். கட்டைவிரலை நன்றாக மேலே தூக்குங்கள். அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம், இரண்டு நாண்கள் புடைத்துத் தெரியும், நடுவில் ஒரு சின்னக் குழி. ஒரு காலத்தில் பொடி போடுகிறவர்கள் அதில் வைத்து உறிஞ்சியதால் மருத்துவத்தில் அதற்கு மூக்குப்பொடிக் குழி என்றே பெயர். மற்றக் கையின் ஆள்காட்டி விரல் நுனியால் அந்தக் குழிக்குள் அழுத்துங்கள். இரண்டு கையிலும் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள், நல்ல கையிலும் லேசாக வலிக்கத்தான் செய்யும். அடிபட்ட பக்கம் கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளும் அளவு வலித்தால், ஸ்காஃபாய்டு எலும்பு முறிந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஸ்காஃபாய்டு என்பது மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சின்ன எலும்புகளில் ஒன்று, படகு வடிவம். அது முறிந்தால் முதல் நாள் எக்ஸ்ரேயில் பல பேருக்குத் தெரியாது. இதில் உங்களைப் பார்த்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன், படத்தில் இல்லாததை அவர் எப்படிப் பார்ப்பார். ஆனால் அந்தக் குழியில் வலி இருந்தால், படம் சுத்தமாக இருந்தாலும், கையை அசையாமல் கட்டிவைத்துவிட்டு 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுக்க வேண்டும், அல்லது அப்போதே எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. எடுக்க வேண்டும். விட்டுப்போனது அந்த இரண்டாவது படம்தான்.

ஏன் இவ்வளவு கவலைப்படுகிறேன் என்றால், இந்த எலும்புக்கு ரத்தம் வருகிற வழி விசித்திரமானது. விரல் பக்கத்து முனையில் நுழைந்து பின்னோக்கி, முன்கைப் பக்கம் வரை போகிறது. நடுவில் முறிந்தால் பின்பாதிக்கு ரத்தம் நின்றுபோகலாம். அப்புறம் அந்தப் பாதி கூடாமல் போகும், சில சமயம் செத்தே போகும். வலியோ பெரிதாக இருக்காது, உங்களுக்கு இப்போது இருப்பது போலத்தான், அவ்வப்போது சுருக்கென்று. மனிதர்கள் அதோடு பழகிவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து மணிக்கட்டு மூட்டு தேய்ந்து வருகிறார்கள். முப்பத்தைந்து வயதில் மணிக்கட்டைத் திருப்ப முடியாமல் வந்து உட்கார்ந்த ஒருவரிடம் "எப்போதாவது கையை ஊன்றி விழுந்தீர்களா" என்று கேட்டால், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "காலேஜ் படிக்கும்போது ஒரு தடவை, ஆனா அது சுளுக்குதான்" என்பார். இந்தப் பதிலை நான் பல தடவை கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டப்படும்.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஆபரேஷன் பெரும்பாலும் வேண்டியதில்லை. பிரிட்டனில் 439 பேரை வைத்து ஸ்க்ரூ போடுவதையும் மாவுக்கட்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2020-ல் வந்தது. எலும்பு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகாதவரை ஒரு வருட முடிவில் இரண்டும் சமம். உங்களுக்கு ஏழு வாரம் போய்விட்டது, ஆனாலும் காரியம் கை நழுவிப்போகவில்லை. சி.டி. எடுத்து, எலும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, கட்டா, ஸ்க்ரூவா, வேறு இடத்து எலும்பை எடுத்து வைக்க வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். கைக்கென்று தனியாகப் பயிற்சி பெற்ற மருத்துவர் கிடைத்தால் அவரிடமே போங்கள்.

கேள்வி: நான்கு நாள் முன்பு உடைந்த கண்ணாடி டம்ளரைக் கழுவும்போது என் மனைவிக்கு மோதிரவிரலின் அடியில் வெட்டிவிட்டது. ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். இரண்டு தையல் போட்டார்கள். விரலை மடக்கச் சொன்னால் மடக்க வரவில்லை, தையல் வலியால் என்று நினைக்கிறோம். தையல் பிரித்ததும் சரியாகிவிடுமா?

பதில்: ஐயா, தையல் பிரிக்கும் நாள் வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே கிளம்புங்கள். மனைவியின் கையை உள்ளங்கை மேலே பார்க்கும்படி மேசையில் தளர்வாக வைக்கச் சொல்லிப் பாருங்கள். சும்மா வைத்திருக்கும் கையில் விரல்கள் எல்லாமே லேசாக உள்நோக்கி வளைந்திருக்கும், ஆள்காட்டி விரல் குறைவாக, சுண்டுவிரல் அதிகமாக, படிப்படியாக. அந்த வரிசையில் மோதிரவிரல் மட்டும் தனியாக நேராக நீட்டிக்கொண்டு கிடந்தால், மடக்குகிற நாண் அறுந்திருக்கிறது. எங்களுக்கு அறை வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். வலியால் மடக்காத விரல் அப்படி நீட்டிக்கொண்டு கிடக்காது.

ஒவ்வொரு விரலுக்கும் மடக்குவதற்கு இரண்டு நாண்கள் இருக்கின்றன (கட்டைவிரல் மட்டும் விலக்கு), ஒன்று நடு மூட்டை மடக்கும், இன்னொன்று நுனி மூட்டை. விரலின் அடியில் இரண்டும் ஒரே குறுகலான குழாய்க்குள் ஒட்டி ஓடுகின்றன. அந்த இடத்தில் தைத்தால் நாண்கள் குழாயோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஒரு காலத்தில் அங்கே கை வைக்கவே பயந்தார்கள், 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். இப்போது அப்படி இல்லை, முதல் சில நாட்களில் தைத்தால் நன்றாக வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அறுந்த முனை உள்ளங்கைக்குள் சுருண்டு போய்விடும், குழாய் மூடிக்கொள்ளும், பிறகு வேறு இடத்து நாணை எடுத்து இரண்டு கட்டமாக ஆபரேஷன் செய்ய வேண்டிய நிலைகூட வரும்.

நாண் அறுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே உணர்ச்சி நரம்பும் போகிறது. விரல் நுனியின் இரண்டு ஓரத்தையும் பேனா மூடியால் தொட்டு, ஏதாவது ஒரு பக்கம் மரத்திருக்கிறதா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆபரேஷன் பாதி வேலைதான். மீதிப் பாதி உங்கள் மனைவி கையில் இருக்கிறது. நான்கைந்து நாளிலேயே, ஸ்பிளிண்ட் (அசையாமல் பிடித்துக்கொள்ளும் தாங்கி) போட்டபடியே, தெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்கும் விதத்தில் விரலை அசைக்க ஆரம்பிக்க வேண்டும். அசைக்காவிட்டால் நாண் ஒட்டிக்கொள்ளும், இஷ்டத்துக்கு அசைத்தால் தையல் அறுந்துவிடும். ஆறு வாரம் அந்தக் கையால் ஒரு பாத்திரத்தையும் தூக்க விடாதீர்கள், கனமான வேலைக்கு மூன்று மாதம் ஆகும். வீட்டு வேலை நீங்கள் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டு நேற்றுத்தான் பிரித்தார்கள். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது என்கிறார்கள். ஆனால் விரல்கள் வீங்கி, மரக்கட்டை மாதிரி இருக்கின்றன. முஷ்டி மடக்க முடியவில்லை, தோளையும் தூக்க முடியவில்லை. தோளில் அடியே படவில்லையே?

பதில்: இந்த முறிவை 1814-லேயே ஆபிரகாம் காலிஸ் என்ற அயர்லாந்து மருத்துவர் தெளிவாக விவரித்திருக்கிறார், எக்ஸ்ரே வருவதற்கு 81 வருடம் முன்னால். இருநூறு வருடத்துக்கு மேல் ஆகியும், கட்டுப் போட்டு அனுப்பும்போது "விரல்களை அசைத்துக்கொண்டே இருங்கள்" என்று அழுத்திச் சொல்ல இன்னும் நாம் மறந்துவிடுகிறோம். உங்கள் அம்மாவிடமும் யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். கட்டு மணிக்கட்டுக்குத்தான். விரலுக்கும் முழங்கைக்கும் தோளுக்கும் அல்ல. தூளி கட்டிக் கையை மார்போடு ஆறு வாரம் ஒட்டி வைத்தால், அடிபடாத தோளும் இறுகத்தான் செய்யும்.

இனி செய்ய வேண்டியது: விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு தடவை, பத்து முறை, விரல்களை முழுதாக நீட்டுவது, பிறகு கொக்கி மாதிரி மடக்குவது, பிறகு முழு முஷ்டி. விரல் நுனிக்கும் உள்ளங்கை நடுக்கோட்டுக்கும் இடையே எத்தனை விரல்கடை இருக்கிறது என்று தினமும் பார்த்துக் குறித்து வையுங்கள், அது குறைந்துகொண்டே வருவதைப் பார்த்தால் அம்மாவுக்கே உற்சாகம் வரும். கையைத் தலைக்கு மேல் தூக்குவது தோளுக்கும் நல்லது, வீக்கம் வடியவும் நல்லது. நீங்கள் பிடித்து முரட்டுத்தனமாக மடக்கிவிடாதீர்கள், இழுத்து நீவவும் வேண்டாம்.

கை சிவந்து பளபளத்து, காற்று பட்டாலே எரிகிறது, வலி முறிவின் அளவுக்குப் பொருந்தாமல் அதிகமாக இருக்கிறது என்றால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அது நரம்பு சம்பந்தப்பட்ட ஒரு வலி நோயின் ஆரம்பமாக இருக்கலாம், ஆரம்பத்தில் பிடித்தால் கட்டுப்படும். அதேபோல் வரும் வாரங்களில் திடீரென்று ஒரு நாள் கட்டைவிரலைத் தூக்க முடியவில்லை என்றால், முறிந்த இடத்தில் உரசி நாண் அறுந்திருக்கும், அதற்கும் ஆபரேஷன் உண்டு.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தது என்றால் எலும்பு மெலிந்திருக்கிறதா என்று டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அடுத்து முறிவது இடுப்பாக இருக்கக் கூடாது.

சில கடிதங்களுக்குச் சுருக்கமாக:

முழங்காலில் அடிபட்டதும் எல்லோரும் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று ஒருவர். வேண்டியதில்லை. கனடாவில் உருவான ஒட்டாவா விதிகள் இதற்கு உதவும்: வயது 55 அல்லது அதற்கு மேல், சில்லில் மட்டும் தொட்டால் வலி, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் எலும்பு முண்டில் வலி, 90 டிகிரி மடக்க முடியாதது, அடிபட்டதும் சரி, பார்க்கும்போதும் சரி நான்கு அடி வைக்க முடியாதது. இதில் ஒன்று இருந்தாலும் எடுங்கள். நான் இதோடு ஒன்று சேர்ப்பேன்: படுத்தபடி காலை நீட்டித் தூக்க முடியவில்லை என்றால் சில்லு உடைந்திருக்கலாம், அல்லது சில்லைப் பிடித்திருக்கும் நாண் அறுந்திருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள்.

கட்டுக்குள் வலி கூடிக்கொண்டே போகிறது என்று எழுதிய பெண்ணுக்கு: மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறுகிறது, விரலை நீட்டினால் உயிர் போகிறது, மரத்துப்போகிறது என்றால் அது நடுராத்திரியாக இருந்தாலும் போய்க் கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்தம் நிற்பதன் அடையாளம் அது. சில மணி நேரத்தில் தசை போய்விடும்.

கையில் எங்கே அடிபட்டாலும் முதல் வேலை மோதிரத்தைக் கழற்றுவது. வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

துண்டான விரலை ஐஸில் போட்டுக் கொண்டுவரலாமா என்று ஒரு பள்ளி ஆசிரியர். நேராக ஐஸில் வைக்கக் கூடாது, திசு உறைந்து கெட்டுவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பையில் போட்டு, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். 1965-ல் ஜப்பானில் கொமாட்சு, தமாய் என்ற இரண்டு மருத்துவர்கள் முழுதாகத் துண்டான கட்டைவிரலை மைக்ராஸ்கோப் வைத்து ரத்தக்குழாய்களைத் தைத்து ஒட்டிக்காட்டினார்கள், அன்றிலிருந்து இது நடக்கிற காரியம். விரலில் தசை இல்லாததால் குளிர்ச்சியாக வைத்தால் பல மணி நேரம் தாங்கும். எல்லா விரலையும் ஒட்ட முடியாது, ஆனால் முடியுமா என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். நீங்கள் துண்டைத் தேடி எடுத்துவந்துவிடுங்கள்.

கேள்வி: பந்து பட்டு நடுவிரல் நுனி தொங்கிப்போனது, நீட்ட முடியவில்லை. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. ஆறு வாரம் கழற்றாமல் சின்ன ஸ்பிளிண்ட் போடச் சொன்னார்கள். நான்கு வாரம் முடிந்தது. நேற்றுக் குளிக்கும்போது கழற்றினேன், விரல் ஒரு தடவை மடங்கிவிட்டது. ஒரு விநாடிதான். இன்னும் இரண்டு வாரம் போட்டால் போதும்தானே?

பதில்: போதாது, தம்பி. விரலை நீட்டும் நாண் நுனி எலும்பில் ஒட்டும் இடத்தில் அறுந்திருக்கிறது. நான்கு வாரத்தில் அங்கே கூடிய தழும்பு இன்னும் மெல்லியது, ஒரு தடவை மடங்கினாலே நீண்டுவிடும், நுனி மறுபடி தொங்கும். அதனால் நேற்றிலிருந்து மறுபடி ஒன்று என்று எண்ண ஆரம்பியுங்கள். கோபம் வரும், தெரியும். இனிமேல் கழுவுவதற்குக் கழற்றும்போது கையை மேசை மேல் தட்டையாக வைத்து, விரல் நுனி மேசையைத் தொட்டபடியே ஸ்பிளிண்டை உருவுங்கள், மற்றக் கையால் நுனியை அடியிலிருந்து தாங்கிக்கொண்டே துடைத்து, ஈரம் காய்ந்ததும் திரும்பப் போடுங்கள். நடு மூட்டை மட்டும் கட்டாமல் விட்டு நன்றாக மடக்கி நீட்டுங்கள், அது இறுகக் கூடாது. ஆறு வாரம் முடிந்து நுனி தானாக நேராக நின்றால் பகலில் எடுத்துவிடலாம், இரவில் மட்டும் இன்னும் மூன்று நான்கு வாரம் போட்டுக்கொள்ளுங்கள்.